பத்தாவது பாகத்தைத் தாண்டிப் போகலாமா?

அக்காவின் மகன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "மாமா, ஒன்பதாவது முடிஞ்சுது. பத்தாவதை விட்டுட்டு நேரா பதினொண்ணுக்குப் போகவா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க." உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் பையன். ராபர்ட் ஜோர்டனின் மாயாஜால நாவல் வரிசையை வைத்து எடுத்த 'வீல் ஒஃப் டைம்' தொலைக்காட்சித் தொடரை அமேசன் மூன்று சீசனோடு 2025 மே மாதம் கைவிட்டபோது, மிச்சக் கதை தெரிந்தே ஆகவேண்டும் என்ற கோபத்தில் புத்தகங்களுக்குள் இறங்கினான். பதினான்கு பாகம், அது போக முன்கதை ஒன்று. அந்தக் கோபம் ஒன்பது பாகம் வரை தாங்கியிருக்கிறது. பரவாயில்லை, என் இரத்தம்தான்.

"போ" என்று தட்டினேன், அழித்தேன். "வேண்டாம், முறைப்படி வாசி" என்று தட்டினேன், அதையும் அழித்தேன். கடைசியில் "அப்புறம் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன். அது நடந்து ஒரு வாரம் ஆகிறது. ஒரு நாவலைப் பற்றி ஒரு வரி சொல்ல முடியாமல் ஒரு வாரம் இழுத்தடிக்கிறேன் என்றால் அந்த நாவலைப் போலவே நானும் ஆகிவிட்டேன் என்றுதான் அர்த்தம்.

அந்தப் பத்தாவது பாகத்தின் பெயர் 'குரோஸ்ரோட்ஸ் ஒஃப் ட்விலைட்'. 2003 ஜனவரியில் வந்தது. நியூயோர்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் வந்த வேகத்திலேயே முதலிடம் பிடித்தது. வாங்கியவர்களில் பெரும்பாலானோர் திட்டித் தீர்த்தார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் இந்தத் தொடரைப் பற்றி இரண்டு பேர் பேச உட்கார்ந்தால், பத்து நிமிடத்துக்குள் யாராவது அதை இழுத்து வைத்து நாலு சாத்து சாத்தாமல் எழுந்திருப்பதில்லை. நானும் சாத்தியவன்தான்.

தெமோதரையில் இறங்கியபோது

நான் அதை முதலில் வாசித்தது 2006இல். கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் கைக்கு வந்த சனிக்கிழமைகளில் மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் குனிந்து கிடப்பேன். இந்தத் தொடரின் ஒன்பது பாகங்களையும் ஒழுங்கில்லாமல், முன்னும் பின்னுமாக, அட்டை கிழிந்ததும் கிழியாததுமாக அங்கேதான் சேர்த்தேன். பத்தாவது கிடைத்த அன்று பேரம்கூடப் பேசவில்லை. ஒன்பதாவது பாகம் அப்படி ஓர் இடத்தில் முடிந்திருந்தது. ஆண்கள் மந்திர சக்தியைத் தொட்டால் பைத்தியம் பிடிக்கும் என்பது முதல் பாகத்திலிருந்தே அந்த உலகத்தின் சாபம். அந்தச் சக்தியின் மேல் படிந்திருந்த நஞ்சைக் கதாநாயகன் ரேண்ட் கழுவி எடுக்கிறான். உலகமே தலைகீழாக வேண்டிய காரியம். அடுத்து என்ன? 2000 நவம்பரில் ஒன்பதாவதை வாசித்தவர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் இந்தக் கேள்வியோடு இருந்திருக்கிறார்கள். எனக்கு இரண்டு மாதம்தான்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பெயர் வைக்கும் விசேஷத்துக்குப் போகிறேன். கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ரயில், மூன்றாம் வகுப்பு, ஜன்னலோர இருக்கை, மடியில் தலையணை மாதிரி அந்தப் புத்தகம். பதுளைப் பாதையில் ஒன்பது பத்து மணி நேரம் சும்மா உட்காரக் கிடைப்பது வாசகனுக்கு வரம். ரம்புக்கனை தாண்டி ஏற்றம் தொடங்கும்போது முன்னுரையிலேயே இருந்தேன். அது முடியவே மாட்டேன் என்றது. நாவலப்பிட்டியில் வடை வாங்கினேன். ஹட்டனில் கூட்டம் இறங்கியது. பட்டிப்பொலயில் குளிர் உள்ளே வந்தது. நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம் அது, அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஏற்றம் முடிந்து ரயில் இறங்கத் தொடங்கும். கதை மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

என்ன நடக்கிறது என்றால், ஆசிரியர் ராபர்ட் ஜோர்டன் கதையைப் பின்னால் இழுத்துப் போகிறார். ரேண்ட் அந்தப் பெரிய காரியத்தைச் செய்த அதே நாளில் மற்றவர்கள் எங்கே இருந்தார்கள், என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒவ்வொரு கூட்டமாகக் காட்டுகிறார். ரேண்டின் ஊர்த் தோழன் பெரின், கடத்தப்பட்ட தன் மனைவியைத் தேடிக்கொண்டிருக்கிறான். இன்னொரு ஊர்த் தோழன் மேட் ஒரு சர்க்கஸ் கூட்டத்தோடு தப்பிப் போகிறான். எலேன் தன் சிங்காசனத்துக்கு ஆதரவு தேடுகிறாள், நடுவே குளிக்கிறாள். எக்வீன் மந்திரக்காரிகளின் வெள்ளைக் கோபுர நகரத்தை முற்றுகையிட்டபடி கூட்டத்துக்கு மேல் கூட்டம் போடுகிறாள். எல்லோரும் தொலைவில் ஏதோ மாபெரும் சக்தி எரிவதை உணர்கிறார்கள். "என்ன அது?" என்று ஒருவரை ஒருவர் கேட்கிறார்கள். நமக்குத் தெரியும் என்ன அது என்று! போன பாகத்தில் பக்கத்தில் நின்று பார்த்தோமே. ரேண்ட் கடைசிப் பகுதியில் கொஞ்ச நேரம் தலைகாட்டுவதோடு சரி.

தெமோதரையில் இறங்கினேன். அந்த நிலையத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரயில் நிலையத்தைவிட்டுப் புறப்பட்டு, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே நிலையத்துக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்து பதுளைப் பக்கம் போகும். அத்தான் வர நேரமானதால் நின்று பார்த்தேன். நான் வந்த அதே ரயில், அதே பெட்டிகள், கொஞ்ச நேரத்தில் என் காலுக்குக் கீழே போயின. கையில் அந்தப் புத்தகம். இதுவும் சுற்றிக்கொண்டு வந்து தொடங்கிய இடத்துக்கே வருகிறது, ஆனால் ரயில் அந்தச் சுற்றில் இறங்கிவிட்டது. அதே இடம், வேறு உயரம். இந்த மனுசன் எழுநூறு பக்கத்துக்குச் சுற்றி, போன பாகம் விட்ட அதே மட்டத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறாரே என்று வந்த எரிச்சலில் குழந்தையைக்கூட அன்று சரியாகக் கொஞ்சவில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்பது அந்தக் குழந்தைதான்.

பதினொன்றாவது பாகம் அதற்கு முந்தின வருடமே, 2005 ஒக்டோபரில், வந்துவிட்டிருந்தது. அது என் கைக்கு வரும் முன்பே, 2007 செப்டெம்பரில், ஜோர்டன் இதய நோயால் இறந்துபோனார். வயது 58. அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, வெட்கத்தோடு சொல்கிறேன். "அந்தப் பத்தாவதை எழுதாமல் நேராகப் போயிருந்தால் முடித்திருப்பாரே" என்பதுதான். கதைகேட்கிறவனின் பேராசை அப்படி இரக்கமில்லாதது. பிறகு பிரண்டன் சாண்டர்சன் என்ற இளைய எழுத்தாளர் ஜோர்டன் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மூன்று பாகங்கள் எழுதி 2013 ஜனவரியில் முடித்துவைத்தார். கதை முடிந்தது, நானும் முடித்தேன். பத்தாவது பாகம் மட்டும் அலமாரியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது.

இருட்டில் சொன்ன கதை

2022 மார்ச். பொருளாதார நெருக்கடி, இலங்கையில் யாருக்கும் விளக்கம் தேவையில்லாத மாதம். மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. கொழும்பில் வேலையும் இல்லாமல், தலவாக்கலைப் பக்கம், லயங்கள் என்னும் வரிசை வீடுகள் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். பகலில் மண்ணெண்ணெய் வரிசை, இரவில் மெழுகுவர்த்தி. வரிசையில் நிற்கும்போது வாசிக்க எதையாவது எடுப்போம் என்று பெட்டியைக் கிளறியபோது கையில் அகப்பட்டது இதுதான். காத்திருப்பவர்களைப் பற்றிய புத்தகத்தைக் காத்திருந்துகொண்டே வாசித்தேன். வரிசை புத்தகத்தைவிடக் கொஞ்சம் வேகமாக நகர்ந்தது.

அப்பாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழிலில் கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடிகளை வெட்டிவிடுகிறவர். முப்பது வருடம் கத்தியோடு மலை ஏறியவர். மாசி மாதம் வந்தால் மட்டும் அவர் ரதி. கல்யாணமாகி நாங்கள் இரண்டு பேரும் பிறந்த பிறகும் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் அவர்தான் ரதி வேஷம் கட்டினார். மன்மதனைச் சிவன் எரித்த பிறகு ரதி புலம்ப வேண்டும். விடியற்காலைக் குளிர், கம்பளிக்குள் நாங்கள். அப்பா ஒரு வரியைப் பாடிவிட்டு, நாலடி நடந்து, அதே வரியைத் திரும்பப் பாடுவார். தப்பு மெல்ல அடிக்கும். ஒரு மணி நேரம் போகும். கதையில் எதுவுமே நகராது. யாரும் எழுந்துபோனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மெழுகுவர்த்தி இரவுகளில் அவர்தான் கேட்டார். "அப்படி என்னா அந்தப் பொஸ்தகத்துல? சொல்லு கேப்போம்." சொன்னேன். முதல் பாகத்திலிருந்து, இரவுக்கு ஒரு பாகம். ரேண்டையும் பெரினையும் மேட்டையும் அவர் நாலே நாளில் பிடித்துக்கொண்டார். மேட்டைச் "சூதாடி" என்பார், பெரினைக் "கொல்லன்". வயிற்றில் இருந்த கதை எல்லாம் வெளியே வந்தது. அவர் "பொறகு?" என்பார், நான் ஓடுவேன். ஒன்பதாவது இரவு நஞ்சு கழுவிய கட்டம். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அடுப்படியில் இருந்த அம்மாவும் பாத்திரச் சத்தத்தை நிறுத்தினார்.

பத்தாவது இரவு, ஐந்து நிமிடத்தில் சொல்ல ஒன்றும் இல்லாமல் நின்றேன். "பொறகு?" "அதே நாள்தாம்ப்பா. எலேன் தூரத்துல அதை உணர்றா." "சரி, பொறகு?" "எக்வீனும் உணர்றா." அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "மன்மதன் எரிஞ்ச கையோட கூத்த நிப்பாட்டிட்டு, ஒவ்வொரு லயமாப் போயி, நெருப்பு தெரிஞ்சிச்சா, ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சான்னு கேட்டுக்கிட்டு வந்த மாரி இருக்கே" என்றார். நான் பதினாறு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த விமர்சனம் அது.

"இதுக்குக் கவ்வாத்து போட ஆள் இல்லியா?" என்றும் கேட்டார். ஆசிரியரின் மனைவி ஹரியட் மக்டூகல்தான் தொடர் முழுவதற்கும் எடிட்டர் என்றேன். "ஆ, பொஞ்சாதியா. அப்ப கத்தி வைக்க மனசு வராது" என்று சிரித்தார். நியாயமில்லாத பேச்சு, அப்போதே சொன்னேன். முதல் நான்கு பாகங்களை அத்தனை இறுக்கமாகக் கொண்டுவந்ததும் அதே கைதான். கணவர் போன பிறகு சாண்டர்சனைத் தேடிப் பிடித்துக் கதையைக் கரைசேர்த்ததும் அவர்தான். ஆனாலும் கவ்வாத்துக்காரரின் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு. கவ்வாத்து போடாவிட்டால் தேயிலை செத்துப்போகாது. நன்றாகவே வளரும், மரமாகிவிடும். கொழுந்துதான் கைக்கு எட்டாது. இந்தப் பத்தாவது பாகம் அப்படி மரமானது. உடுப்புக்கு ஒரு பந்தி, தேநீர்க் கோப்பைக்கு ஒரு பந்தி, அறைக்குள் வந்த ஒவ்வொருவரின் முகத்துக்கும் ஒரு பந்தி.

ஆனால் அப்பாவின் ரதி ஒரு மணி நேரம் புலம்பும்போது இது ஏன் தோன்றவில்லை? இதைத்தான் அன்றிரவு புரண்டு புரண்டு யோசித்தேன். மன்மதன் மூன்றாம் நாள் உயிர்த்தெழுவான் என்று கூத்துப் பார்க்கும் குழந்தைக்கும் தெரியும். முடிவு எல்லோர் மடியிலும் இருக்கிறது. அதனால் புலம்பலில் யாரும் அடுத்ததற்காகக் காத்திருப்பதில்லை, அங்கேயே இருக்கிறார்கள். ஜோர்டன் முடிவைத் தன் கையில் வைத்துக்கொண்டு, அதை நோக்கி எங்களை ஒன்பது பாகம் ஓடவைத்துவிட்டு, பத்தாவதில் "இரு, இங்கே கொஞ்சம் உட்கார்" என்கிறார். ஓடுகிறவனை உட்காரச் சொன்னால் அவன் உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டுதான் இருக்கும். அந்த ஆட்டத்தைப் புத்தகத்தின் குறை என்று நான் நினைத்திருக்கிறேன். பாதி என்னுடையது. எல்லாம் முடிந்துவிட்டது, யார் பிழைப்பார் யார் சாவார் என்று தெரியும் என்ற நிலையில் மண்ணெண்ணெய் வரிசையில் வாசித்தபோது கால் ஆடவில்லை. அப்படியும் எலேன் பகுதி அலுப்பாகத்தான் இருந்தது. எனவே மறுபாதி அவருடையது.

கயிற்றில் முடிச்சு

பதினோராவது இரவு, மீதியைச் சொல்லி முடித்துவிடுவோம் என்று பெரினின் பகுதிக்கு வந்தேன். முந்தின இரவு அதைத் தாண்டியிருந்தேன், "மனைவியைத் தேடுகிறான், கிடைக்கவில்லை" என்று ஒரே வரியில். இந்த முறை எப்படியோ அந்தத் தோல் கயிறு வாயில் வந்தது. மனைவி போன நாளிலிருந்து, நாளுக்கு ஒரு முடிச்சாக, ஒரு தோல் கயிற்றில் போட்டுக்கொண்டு வருகிறான் பெரின். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தடவிப் பார்ப்பான். அவ்வளவுதான். அதற்குப் பெரிய விளக்கம் எதுவும் புத்தகத்தில் கிடையாது. 2006இல் ரயிலில் நான் அதைக் கவனித்ததாகக்கூட நினைவில்லை.

அப்பா "பொறகு" கேட்கவில்லை.

மெழுகுவர்த்தி அணைந்துவிடுமோ என்று நான்தான் திரியைத் தட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "கயித்துலயா போட்டான்" என்றார், கேள்வியாக இல்லாமல். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "மறு வருசம் சுண்ணாம்பு அடிச்சிட்டாங்களே. அதுக்குப் பொறகு நீங்க எதுல போட்டீங்க?" அப்பா சொன்னார்: "அடிச்சா என்னா. தொகை மனசுல இருந்துச்சி."

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போனார். இரண்டு வருட ஒப்பந்தம், மேலும் ஒரு வருடம் நீண்டது. எங்கள் லயத்துக் காம்பராவில் அடுப்புக்குப் பக்கச் சுவரில் கரியால் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. பால்காரன் கணக்கு என்று நினைத்திருந்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தாளாம், பிறகு கேட்டேன். அந்த மூன்று வருடத்தில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. அப்பா காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரட்டுக்குப் போனார், மாலையில் வந்து சோறு வடித்தார், மாசியில் ரதி கட்டினார். அந்த வருடங்களில்தான் புலம்பல் நீளமாகியது என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். நான் அதைக் குரல் வளம் என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகு பெரின் கோடரியை விடும் கட்டத்தைச் சொன்னேன். பிடிபட்ட எதிரி வீரன் ஒருவனிடமிருந்து மனைவியைப் பற்றித் தெரிந்துகொள்ள, அவன் கையைத் தன் கோடரியால் வெட்டுகிறான். இது அவன் செய்யக்கூடியவன் இல்லை என்று ஒன்பது பாகம் பழகிய நமக்குத் தெரியும். வெட்டியவன் தன்னைக் கண்டே பயந்து, முதல் பாகத்திலிருந்து சுமந்துவந்த அந்தக் கோடரியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறான். தொடரின் மிக முக்கியமான திருப்பங்களில் ஒன்று இது என்று இப்போது நினைக்கிறேன். "ஒன்றுமே நடக்காத பாகம்" என்று நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்ததன் உள்ளேதான் இது கிடந்தது. முடிச்சுகளின் கனம் தெரியாதவனுக்கு அந்த வெட்டு வெறும் ஒரு வெட்டுதான். அத்தனை நாளையும் அவனோடு சும்மா இருந்திருக்க வேண்டும். அந்த இருப்பைத்தான் நான் பட்டிப்பொலக்கும் தெமோதரைக்கும் இடையில் பக்கம் பக்கமாகத் தள்ளிவிட்டிருக்கிறேன்.

இதற்காக அந்தப் புத்தகம் நல்ல புத்தகம் ஆகிவிடாது. அப்பாவும் விட்டுக்கொடுக்கவில்லை. "கொல்லன் கதைய வையி, சூதாடி கதைய வையி, மத்தது எல்லாத்துக்கும் கத்தி" என்பதுதான் அவருடைய தீர்ப்பு. மேட்டும் அவன் கடத்திக்கொண்டு போகும் இளவரசி டுவோனும் சர்க்கஸ் வண்டியில் ஒருவரை ஒருவர் அளந்துகொள்வது மெதுவாக இருந்தாலும் சுவையான மெதுவு, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எக்வீனின் கூட்டங்களில் ஒன்று தேவை, மிச்சம் தேவையில்லை. அவள் பிடிபடும் கடைசிக் காட்சி நன்றாக இருக்கிறது, அது கடைசியில் வருவதுதான் பிரச்சினை. எண்ணிக்கொண்டு காத்திருப்பவனைப் பற்றி எழுதுவதும், பக்கத்தை நிரப்பிக்கொண்டு காத்திருக்க வைப்பதும் ஒன்றுபோலவே தெரியும், இரண்டுக்கும் ஒரே அளவு காகிதம்தான் பிடிக்கும். ஜோர்டன் ஒரே அட்டைக்குள் இரண்டையும் வைத்துக் கட்டிவிட்டார்.

இதையெல்லாம் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் எப்படிச் சொல்வது? நேற்று ஒருவழியாக எழுதினேன். பெரின் வரும் அத்தியாயங்களையும் மேட் வரும் அத்தியாயங்களையும் விடாதே, எலேன் குளிக்கப் போனால் நீ தைரியமாகப் பக்கத்தைத் திருப்பு, என்று. உடனே பதில் வந்தது: "அய்யோ மாமா, நீங்க சொல்ல லேட்டாகவும் யூடியூப்ல சுருக்கம் பார்த்துட்டேன். பன்னிரண்டு நிமிசம். பதினொண்ணு தொடங்கிட்டேன், செம ஸ்பீட்."

அந்தச் சுருக்கத்தில் கயிற்றைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன்.

"என்ன கயிறு?"

இன்று காலை அப்பாவிடம் சொன்னேன். காது இப்போது சரியாகக் கேட்பதில்லை, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "அவன இங்க வரச் சொல்லு" என்றார். "மாசி வருதில்ல."